தேடுங்கள், முதலில் வருவது நாங்களே!

சொந்தக் காசில் விளம்பரம் செய்து, வந்த வாடிக்கையாளர்களையெல்லாம் போட்டிக்காரன் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்ட ஒரே வியாபாரி கிள்ளானில் நானாகத்தான் இருப்பேன். (கோலாலம்பூரைச் சேர்த்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.)

நானும் முகிலனும் பள்ளிக்கூட நண்பர்கள். பிரிக்பீல்ட்ஸில் சேர்ந்து கல்யாண மேடை அலங்காரம் செய்தோம். ஒருநாள் எங்களில் யார் முதலாளி என்று பேச்சு வந்தது. இருவருக்குமே 'நான்' என்றுதான் பதில் தோன்றியது. பிரிந்தோம். கடைப் பெயரும் பழைய இணையதளமும் அவனுக்குப் போயின. எனக்கு ஒரு லோரியும் நிறைய ரோஷமும் மிஞ்சின.

கிள்ளானில் தனிக்கடை போட்டேன். புதுப் பெயரில் டொமைன், அதாவது இணைய முகவரி, பதிந்துகொண்டேன். பூச்சோங்கில் இருந்த கவிதா என்ற பெண் தளத்தைச் செய்து கொடுத்தாள்.

"அண்ணே, இது புது டொமைன். நெட்டுல தேடினா உடனே மேல வராது. மாசக்கணக்குல வெயிட் பண்ணணும்" என்றாள்.

"காசு கட்டியாச்சே, இன்னும் என்ன வெயிட்டு?"

"புதுப் பேர நெட்டு சட்டுனு நம்பாது லா. அதுவரைக்கும் உங்க பழைய கடை சைட்டுதான் முதல்ல வரும்."

"பத்துமலைப் பக்கம் போய் என் பேரக் கேட்டுப் பாரு. என்னை நம்பாதாமா?"

கவிதா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவள் எதிரிலேயே என் போனில் தேடினேன். நான்தான் முதலில் வந்தேன்! (தினமும் நூறு தடவை என் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் எனக்குப் பிடித்ததைக் காட்டியிருக்கிறது. இது பின்னால் தெரிந்தது.)

உடனே கார்டு அடித்தேன். 'கிள்ளான் கல்யாண மேடை என்று தேடுங்கள், முதலில் வருவது நாங்களே!' அவ்வளவுதான்.

"போன் நம்பர் எங்க?" என்றாள் என் மனைவி செல்வி.

"நம்பரெல்லாம் அந்தக் காலம்."

கோயில், சலூன், சாப்பாட்டுக் கடை என்று ஓரிடம் விடாமல் கொடுத்தேன். ஒருவரும் அழைக்கவில்லை. ஊரே கல்யாணத்தை வெறுத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன்.

அப்போதுதான் சித்தப்பா மகள் நளினியின் கல்யாணம் வந்தது. "மேடை உன்னோடதுதான்டா. கார்டு வெச்சிருக்கேன், அதுல புக் பண்ணிடுறேன்" என்றார் சித்தப்பா.

"நமக்குள்ள எதுக்கு புக்கிங்? நான் வந்துடுறேன்" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள், லோரி நிறைய வெள்ளை ரோஜாவோடு மண்டபத்துக்குப் போனேன். அங்கே மேடை பாதி முடிந்திருந்தது. ஏணி உச்சியில் முகிலன்.

சித்தப்பா ஓடி வந்தார். "நீ சொன்ன மாதிரியே தேடினேன்டா. முதல்ல வந்தத புக் பண்ணேன். உன் ஆளுன்னுதான் நினைச்சேன். சொந்தக்காரங்கன்னு சொன்னதும் டிஸ்கவுண்ட் வேற குடுத்தாரு!"

சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி நின்றது. சண்டை போடலாம். ஆனால் மருதாணிக் கையோடு நளினி பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலிருந்து முகிலன் குரல் கொடுத்தான். "மச்சான், ஏணி ஆடுது. கொஞ்சம் பிடி."

பிடித்தேன்.

"அந்த ரோஜாவும் வீணாத்தானே போகும்? குடு, வெச்சிடுறேன்."

கொடுத்தேன். மேடை பிரமாதமாக அமைந்தது. அந்தப் படங்களை முகிலன் தன் தளத்தில் போட்டான். ஒரு படத்தின் ஓரத்தில் என் சட்டையும் தெரியும்.

கவிதா சொன்னது பொய்யாகவில்லை. மாதங்கள் கழித்து என் தளம் உண்மையிலேயே முதலில் வந்தது. அதற்குள் கடையை மூடியிருந்தேன். லோரியை வாங்கியவனும் முகிலன்தான். சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இப்போதும் எப்போதாவது யாராவது அழைத்து மேடை கேட்பார்கள். முகிலன் நம்பரைக் கொடுத்துவிடுவேன்.

குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சித்தப்பா வாசலிலேயே கத்துகிறார்: "வழி விடுங்கப்பா, ஏணி பிடிக்கிறவர் வந்துட்டாரு!"

எல்லாரும் சிரிக்கிறார்கள். செல்விதான் முதலில் ஆரம்பிக்கிறாள்.