ஜெபசீலன் வைத்த ஐம்பது அட்டைகள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு இரண்டு நாளாகப் பயம். ஒரு வார்த்தை கூடினால் ஜெபசீலன் சாருக்குக் கோபம் வரும். ஒரு வார்த்தை குறைந்தால் அமலராணிக்கு வருத்தம் வரும். இரண்டு பேரும் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஜெபசீலன் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் ஹெட் கிளார்க். மே மாதம் ஓய்வு பெற்றார். ஜூன் மாதம் ஓய்வு அலுத்துவிட்டது. ஜூலை முதல் தேதி, காலை ஜெபம் முடிந்து காபி வருவதற்குள் மனைவியைக் கூப்பிட்டு அறிவித்தார்.

"ராணி, கிறிஸ்மஸுக்குள்ள ஆயிரம் சப்ஸ்கிரைபர்."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். யூடியூப் சேனல் ஆரம்பிக்கிறேன்."

"ஆயிரம் பேர் பார்க்கிற மாதிரி உங்ககிட்ட என்ன இருக்கு?"

ஜெபசீலன் யோசித்தார். அவரிடம் இருந்தவை ஒரு போன், ஒரு வட்ட விளக்கு, ஒரு மனைவி. போன் படம் பிடிக்க. விளக்கு வெளிச்சம் பிடிக்க. பிடிபடுவதற்கு மிச்சம் இருந்தது மனைவிதான்.

சேனலின் பெயர் 'ஜெபசீலன் ஜாலி நேரம்'. முதல் வீடியோவில் கேரம் போர்டின் மேல் ஒரு குட்டிச் சப்பாத்தியை வைத்துச் சுண்டினார். அது போய்ச் சிவப்புக் காயைக் குழியில் தள்ளியது. "வணக்கம் மக்களே! என் மனைவி சுட்ட ஸ்ட்ரைக்கர்!" என்றார்.

நாற்பத்தோரு பேர் சேர்ந்தார்கள். நாற்பத்தோரு பேரும் எங்கள் சபை. வினையே அங்கேதான்.

சபையில் பெண்கள் ஐக்கியம் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும். அதற்கு டிபன் செய்வது அமலராணி. பத்தொன்பது வருஷமாக அந்தக் கரண்டியை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. அந்த மாதம் செயலாளர் ஷீலா எழுந்து நின்று சொன்னாள்:

"அக்கா, இந்தத் தடவை டிபன் நீங்க செய்ய வேணாம். எங்ககிட்ட கேரம் போர்டு இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். போதகரின் மனைவி ஐயர் அம்மா கைக்குட்டைக்குள் சிரித்தார். அமலராணியும் சிரித்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"என்னங்க, அந்த வீடியோவை எடுத்துடுங்க. இனிமே ஐக்கியத்துல கிறிஸ்டிதான் டிபன் செய்வாளாம்."

"செய்யட்டுமே. உனக்கு ரெஸ்ட்."

"நான் ரெஸ்ட்டா கேட்டேன்? என் பேரு போகுதுங்க."

"போகல ராணி, பரவுது. அடுத்த வாரம் உன் சாம்பார். பசைக்குப் பதிலா அதைத் தடவி சுவத்துல போஸ்டர் ஒட்டிக் காட்டப் போறேன்."

அவள் உள்ளே போய் வெங்காயம் உரித்தாள். ஜெபசீலன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். புருஷன்மார் எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

ஆனால் நாற்பத்தொன்று நகரவில்லை. இரும்புலியூர் ஜிஎஸ்டி ரோட்டு ஓரம் இளநீர் விற்கும் தசரதனிடம் நின்றபோதுதான் ஜெபசீலனுக்கு வழி பிறந்தது. வண்டியில் தொங்கிய கியூஆர் அட்டைக்கு நேரே வருகிறவர்கள் எல்லாரும் போனைக் காட்டிக் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"தசரதா, அட்டையைப் பார்த்ததும் கை தானா போனை எடுக்குது பாத்தியா?"

"பழக்கம் ஆயிட்ச்சு சார். கட்டத்த கண்டா சுட்டுகினே போவாங்க."

அன்றே தீர்மானம். சேனலுக்கும் அதே மாதிரி ஐம்பது அட்டை. வெயில் கடுமையாக இருந்ததால் மனைவியைத் தாம்பரத்துக்கு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார்.

"என் போன்ல இருந்து கட்டம் கட்டமா ஒரு படம் உனக்கு அனுப்பியிருக்கேன். அதை அட்டையில போட்டு வாங்கிட்டு வா. மேல 'ஸ்கேன் செய்து சேனலில் சேருங்கள்'னு எழுதச் சொல்லு. நீ ஒன்பதாவதோட நின்னவதான், பரவாயில்ல. இதுல படிக்க ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"மனுஷங்க யாராலயும் படிக்க முடியாது. என்னாலயே முடியாது."

"அப்ப சரிங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அட்டைகள் வந்தன. ஜெபசீலன் இரும்புலியூரிலிருந்து முடிச்சூர் வரை நடந்தார். தசரதன் வண்டி, டீக்கடை, பூக்கடை, மருந்துக்கடை, சபை கேட் என்று ஐம்பதையும் தன் கையாலேயே வைத்தார். செருப்பு தேய்ந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. தன் அட்டையைத் தானே ஸ்கேன் செய்து பார்ப்பது கௌரவக் குறைவு என்று அதை மட்டும் செய்யவில்லை.

இரண்டு வாரத்தில் நாற்பத்தொன்று நாற்பத்து மூன்றானது. இருந்தாலும் அவர் நம்பிக்கை இழக்கவில்லை. ஆயிரம் வந்ததும் பேச வேண்டிய நன்றியுரையை ஹாலில் நின்று ஒத்திகை பார்த்தார். சீப்புதான் மைக். "இந்த இடத்துக்கு நான் வந்திருக்கேன்னா, அதுக்கு ஒரே காரணம்…" என்று நிறுத்தி, கண்ணைத் துடைத்து, "நான்தான்!" என்றார். மூன்று தடவை. மூன்றாவது தடவை நிஜமாகவே அழுதார். அமலராணியின் போன் பிரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் தசரதன் வழிமறித்தான்.

"சார், பேஜாரா கீது சார். உங்க அட்டைய எடுத்துக்கோங்க."

"ஏன்ப்பா?"

"எளநி குடிச்சிட்டு உங்க அட்டைய சுட்டுடறாங்க. காசு குடுத்துட்டதா நெனச்சிகினு போயிடறாங்க. நேத்து மட்டும் ஏழு எளநி."

ஜெபசீலன் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"ஏழு பேரா? எனக்கு ஒண்ணுகூட ஏறலையே!"

"உங்களுக்கு ஏன் சார் ஏறணும்? அது அக்கா சேனலாச்சே. தெனம் காலைல நானே பாக்கறேன்."

போனைக் காட்டினான். சேனலின் பெயர் 'மாடியிலிருந்து'. ஜெபசீலன் வீட்டு மொட்டை மாடிதான். அங்கிருந்து மேம்பாலம் தெரிகிறது. அமலராணியின் முகம் இல்லை, குரல் மட்டும். "இன்னிக்கு பாலத்து மேல வண்டி நிக்குது. டிபனைக் கட்டிக்கிட்டுப் பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புங்க." அவ்வளவுதான். தினமும் ஏழு மணிக்கு, இருபது விநாடி.

சேர்ந்தவர்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர். முதல் கமென்ட் ஷீலா எழுதியது: 'அக்கா, நீங்க சொல்லித்தான் என் பையன் பரீட்சைக்கு நேரத்துக்குப் போனான். அடுத்த மாசம் டிபன் நீங்கதான்.'

ஜெபசீலன் வீட்டுக்கு ஓடினார்.

"ராணி! என் அட்டையில உன் கட்டமா?"

"யாராலயும் படிக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நம்ம ஆஷாதான். வண்டலூர்ல இருந்தே போன்ல சொல்லிக் குடுத்தா."

"பெத்த பொண்ணேவா! இருக்கட்டும். நாளைக்கே உன் சாம்பாரைப் போடறேன் பாரு!"

அமலராணி இயல்பாகவே பயந்தவள். பயத்தோடேயே போனைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஜெபசீலன் சீப்பைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கீழே, 'வெளியாகும் நேரம்: இன்று மாலை 6.00' என்று இருந்தது.

"இது… போட்டுட்டியா?"

"இன்னும் இல்லீங்க. ஆறு மணிக்குத் தானாப் போயிடுமாம். அதுக்குள்ள தேதியை மாத்தினா நாளைக்குத் தள்ளிப் போகுமாம். தினம் ஒரு நாள் தள்ளிக்கிட்டே இருக்கலாம்னு ஆஷா சொன்னா. எனக்குத்தான் பயமா இருக்கு, என்னிக்காவது மறந்துடுவேனோன்னு."

சப்பாத்தி வீடியோ ஐந்து ஐம்பதுக்குக் காணாமல் போனது. சாம்பார் வீடியோ பிறக்கவே இல்லை.

இப்போது தினமும் மாலை ஐந்தரை மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் டம்ளர் சத்தம் கேட்கிறது. காபி போடுவது ஜெபசீலன் சார்தான்.

"ராணி, காபி. சூடா இருக்கு. தேதியைத் தள்ளிட்டியாம்மா?"

அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுகிறாள்.