மிதுனத்தில் ஒரு தோள்பட்டை

எங்கள் வட்டாரத்தில் ஒருவர் கீழே விழுந்தால், விழுந்தது மட்டும் போதாது. விழுந்தது பற்றி முறைப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்ட நிமிஷத்துக்கு டாக்டர் ஒபதையா விங்க்ஃபீல்ட் ராசிக் கட்டம் போடுவார். எங்கே வலிக்கிறது என்பதைக் கட்டம் சொல்லும். வலிக்கிறவர் சொல்லக் கூடாது. அவர் வைத்தியம் படித்தவரில்லையே!

நான் டாக்டரின் எழுத்தர். பதினோரு வருஷமாகக் கேள்விகளைப் புத்தகத்தில் ஏற்றுகிறேன். என் கையெழுத்தில் இதுவரை ஒரு அடித்தல் கிடையாது.

அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கூரை வேய்கிற கத்பர்ட் ஹாக் தேவாலயத்துக் களஞ்சியத்தின் மேலிருந்து ஏணியோடு சரிந்தான். வலது தோள்மூட்டு கழன்று, கை ஈரத்துணி மாதிரி தொங்கியது. கொல்லன் பட்டறை ஜில்லியனிடம் போயிருந்தால் ஒரே இழுப்பில் உள்ளே தள்ளியிருப்பாள். ஆனால், டாக்டரின் சீட்டு இல்லாமல் எலும்பைத் தொட்டால் சிறை என்று பிஷப் அலுவலகம் போன வருஷம்தான் அவளை எச்சரித்திருந்தது.

“பத்து நாளைக்குள்ள உள்ள தள்ளணும் தாமசின்,” என்று கத்பர்ட்டின் மனைவியிடம் சொன்னாளாம். “அப்புறம் இறுகிடும். உன் புருஷன் இனி ஏணி ஏற முடியாது. ஓடிப் போய்ச் சீட்டு வாங்கிட்டு வா.”

தாமசின் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும், “டாக்டர் ஐயா இருக்காரா?” என்றாள்.

நான் நிமிஷத்தைக் குறித்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் அவளை அழைத்துக் கட்டத்தைக் காட்டினார்.

“உன் கேள்விக்கு விடை கிடைச்சிருச்சும்மா. லக்னாதிபதி வீட்டுலயே உட்கார்ந்திருக்கார். டாக்டர் இருக்கார்.”

“அது தெரியுதே! நீங்க என் எதிர்ல உட்கார்ந்திருக்கீங்க!”

“பார்த்தியா, எவ்வளவு துல்லியம்!” என்று டாக்டர் பூரித்துப் போனார். “ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். அதோட, இது உன் புருஷன் சம்மதம் இல்லாம கேட்ட கேள்வி. நாளைக்கு அவனே வரட்டும்.”

மறுநாள் கத்பர்ட்டே வந்தான். படியில் கால் தடுக்கி, “ஐயோ கடவுளே, இது எப்பத்தான் தீரும்?” என்று அலறினான்.

“அந்தக் கேள்வி நம்ம அலுவலகத்துக்கு வந்ததில்லை,” என்று டாக்டர் வருத்தத்தோடு தலையசைத்தார். “கடவுளுக்குப் போட்ட மனு. பாதிரியார்கிட்ட கொடு.”

மூன்றாம் நாள் அவனை வாயைத் திறக்கவிடாமல் கூட்டிவந்தாள் தாமசின். டாக்டர் முன்னால் நின்று, சொல்லிக்கொடுத்தபடி, “ஐயா, என் உடம்புக்கு என்ன?” என்றான். பதிவாயிற்று. டாக்டர் கட்டம் போட்டார், கணக்குப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“சந்திரன் ரிஷபத்துல. கழுத்துல கோளாறு.”

“தோளுங்க ஐயா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வலிக்குதுங்களே!”

“வலி பாமரன் மாதிரி, எங்கேயாவது நின்னு கத்தும். அதை நம்பி வைத்தியம் பண்ண முடியுமா?” என்றவர், கழுத்துக்குப் பற்றுப் போடச் சொன்னார். இரண்டு ஆழாக்குப் பற்று. அவன் கழுத்து இன்றுவரை பிரமாதமாக இருக்கிறது.

நான்காம் நாள் தாமசின் கணவனை இழுத்துக்கொண்டு வந்தபோது, அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜில்லியனும் பின்னாலேயே வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றாள்.

“ஐயா, தோள் மிதுனத்துக்குச் சேர்ந்ததுன்னு நீங்கதானே சொல்வீங்க? இன்னைக்குச் சந்திரன் மிதுனத்துக்கு வந்தாச்சு. நானே பஞ்சாங்கம் படிக்கிறவர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். சீட்டு எழுதிக் கொடுங்க.”

டாக்டர் முகம் மலர்ந்தது. “சபாஷ்! இன்னைக்கு நோய் தோள்லதான். சந்தேகமே இல்லை. அதனாலதான் தொடக்கூடாது. சந்திரன் நிக்கிற அங்கத்தைத் தொட்டா ஆபத்து.”

“அவர் எப்ப நகர்வார்?”

“சனிக்கிழமை. கடகத்துக்குப் போயிடுவார். அப்ப நோய் மார்புக்கு இறங்கிடும். தோள்ல ஒண்ணுமே இருக்காது.”

“இருந்தா தொடக்கூடாது, தொடலாம்னா இருக்காது! யோவ், இது வைத்தியமா?”

“நூல்ல இருக்கும்மா. காட்டறேன்.” டாக்டர் முக்காலி மேல் ஏறி, மேல்தட்டிலிருந்த தடிப் புத்தகத்தை இழுத்தார். புத்தகம் வந்தது. முக்காலி போனது. டாக்டர் விழுந்தார், வலது தோள்மூட்டு கழன்றது.

நான் கடமை தவறாதவன். உடனே பேனாவை எடுத்து, “ஐயா, இப்ப நீங்க கத்தினது கேள்வியா?” என்றேன்.

“கேள்வியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! ஜில்லியனைக் கூப்பிடுடா!”

ஜில்லியன் உள்ளே வந்து, அவர் அக்குளில் பாதத்தை ஊன்றி, கையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். டக்கென்று சத்தம். டாக்டர் எழுந்து உட்கார்ந்து விரல்களை மடக்கிப் பார்த்தார்.

“அப்படியே இவருக்கும் பண்ணிடும்மா!” என்று தாமசின் கத்தினாள்.

“சந்திரன் மிதுனத்துல இருக்கார்,” என்றார் டாக்டர்.

“உங்க தோளுக்கு மட்டும் இல்லையா?”

“நான் கேள்வி கேட்கலையே. கேள்வி இல்லாட்டி கட்டம் இல்லை. கட்டம் இல்லாட்டிச் சந்திரன் ஏது?”

நான் பதினோரு வருஷமாகக் கேட்டதில் இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

ஜில்லியன் சட்டைக் கையை மடித்துவிட்டாள். “சீட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். சிறைன்னா போறேன். கத்பர்ட், இப்படி வந்து படு.”

தாமசினுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கத்பர்ட் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

“தொடாதம்மா. சந்திரன் இருக்கார்ல.”

“ஏய் மனுஷா!” தாமசின் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “உன் கண் முன்னாலதானே அவருக்குச் சரியாச்சு!”

“அவருக்குக் கட்டம் இல்லை. எனக்கு இருக்கு.” அவன் என் புத்தகத்தைக் காட்டினான். “என் பேர் அதுல ஏறியிருக்கு, தாமசின். எங்கப்பன், பாட்டன் பேரெல்லாம் எந்தப் புஸ்தகத்துலயாவது ஏறியிருக்கா? கிரகமெல்லாம் எனக்காக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு, பட்டறைக்காரிகிட்ட கையைக் கொடுக்கணுமா? முறைப்படி நடக்கட்டும்.”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் அழுகையை ஏற்றப் புத்தகத்தில் இடமில்லை.

பத்து நாளில் தோள் இறுகிவிட்டது. மறுகேள்வி வராததால் ‘பூரண குணம்’ என்று எழுதினேன். இப்போது கத்பர்ட் கீழே நின்று ஒற்றைக் கையால் வைக்கோல் எடுத்துக் கொடுக்கிறான். தாமசின்தான் மேலே ஏறிக் கூரை வேய்கிறாள். யாரோடும் பேசுவதில்லை.

கத்பர்ட்டுக்கு என்னவோ மதிப்பு கூடிவிட்டது. நான்கு நாளில் இரண்டு கட்டம் கண்ட வீட்டுக்காரன் அல்லவா! சந்தையில் அவன் ஒரு தோளைத் தொங்கவிட்டு நடப்பதைப் பார்த்த ஜமீன்தாரின் மருமகன், தானும் அப்படியே நடந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிப் பேர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நேரே உட்கார்ந்தவர்களைப் பார்த்து, “பாவம், டாக்டர்கிட்ட காட்ட வசதியில்லை போல,” என்று பேசிக்கொண்டார்கள்.

நேற்று நானும் புதுக் கோட்டு தைக்க அளவு கொடுக்கப் போனேன். “எந்தத் தோளை இறக்கட்டும்?” என்று கேட்டார் தையல்காரர். அதை நானாகச் சொல்ல முடியுமா? டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.