ஓனர் பூட்டாத கதவு

கோபக்காரிக்குச் சட்டம் பாதி தெரிந்தால் போதும், வீட்டில் கதவு மிஞ்சாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், பசை தடவி அடிப்பாகம் ஒட்டும் லைனில் எனக்கு வேலை. குடியிருந்தது போக வர ஒரே கதவு வைத்த வாடகை வீடு. ஒருநாள் மாடியிலிருந்து ஓனர் தனபால் அண்ணன் இறங்கி வந்தார். "வீட்ட காலி பண்ணும்மா. வடக்கத்திப் பசங்கள வைக்கப் போறேன். ஆளுக்கு இவ்ளோன்னு ஜாஸ்தியா தர்றாங்க."

மகள் ரேவதிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. "பரீட்சை முடியட்டும்ணே" என்றேன். மறுநாளே குழாயில் தண்ணீர் நின்றது. அப்புறம் கரண்ட் போனது (எங்களுக்கு மட்டும்தான். மாடியில் அவர் வீட்டு டிவி ஜோராக அலறிக்கொண்டிருந்தது). பிள்ளை மெழுகுவத்தியில் படித்தாள்.

கம்பெனியில் யூனியன் அக்காவிடம் அழுதேன். "கோர்ட் ஆர்டர் இல்லாம உன்ன யாரும் வெளிய தள்ள முடியாது. தண்ணி, கரண்ட்ட நிறுத்துறதே தப்பு. போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடு. இல்லன்னா ஆள் இல்லாத நேரம் பாத்து பூட்டு போட்டுடப் போறாரு" என்றார். இத்தனையில் என் மண்டையில் ஏறியது பூட்டு மட்டும்தான்.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லைனில் நின்றாலும் பூட்டு, சோற்றில் கை வைத்தாலும் பூட்டு. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்ப்பேன். "பேஜார் பண்ணாதடி, கம்ப்ளெயின்ட் குடுத்துட்டு வந்துடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். கேட்பேனா?

பரீட்சைக்கு முந்தின நாள், விளக்கு வைக்கும் நேரத்தில் எனக்கு மூளை வேலை செய்தது. நாதாங்கி இருந்தால்தானே பூட்டு? அதை மடக்கிக் கதவோடு ஒட்டிவிட்டால்? எங்கள் ஊரில் வீட்டில் உப்பு இல்லாமல் போகலாம், ஷூ பசை இல்லாமல் போகாது. டப்பாவை எடுத்துத் தாராளமாகத் தடவினேன். கரண்ட் இல்லாத இருட்டில் கதவின் ஓரத்திலும் நிலையிலும் பசை வழிந்தது தெரியவில்லை. கொஞ்சம் காயவிட்டு, பிறகு உள்ளே வந்து கதவை ஓங்கிச் சாத்தினேன். இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அழுத்தினால்தான் பசை பிடிக்கும். லைனுக்கு வரும் புதுப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்!

காலையில் கதவு அசையவில்லை. வீட்டுக்காரர் இழுத்தார், நான் இழுத்தேன், ஹால் டிக்கெட்டோடு ரேவதியும் இழுத்தாள். பசை என் நினைவுக்கே வரவில்லை. போலீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "சார், ஓனர் எங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டாரு! பொண்ணுக்குப் பரீட்சை சார்!"

ஜீப் வந்தது. தெருவே கூடியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லுங்கியோடு ஓடிவந்த தனபால் அண்ணன், எஸ்.ஐ. முன்னால் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

"கதவ நான் தொடவே இல்ல சார்! தண்ணியையும் கரண்ட்டையும்தான் நிறுத்தனேன்!"



"ஓ, அத நிறுத்துனது நீதானா?" என்றார் எஸ்.ஐ. "காலி பண்ணணும்னா கோர்ட்டுக்குப் போய்யா. இப்பவே ரெண்டையும் குடு. அதுக்கு முன்னாடி கதவ ஒட."

தன் கதவைத் தானே கடப்பாரையால் உடைத்தார் அண்ணன். உடைந்த பலகையை மோந்து பார்த்த எஸ்.ஐ. என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது?" நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விரல்களில் பசை இன்னும் இருந்தது.

நேரமாகிவிட்டதால் ரேவதியை ஜீப்பிலேயே பள்ளிக்கு அனுப்பினார்கள். பரீட்சை எழுத வந்த அத்தனை பிள்ளைகளும் பார்க்க, போலீஸ் ஜீப்பிலிருந்து இறங்க வைத்ததற்காக என்னை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் பாஸாகிவிட்டாள்.

நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். புதுக் கதவுக்கான செலவு மட்டும் எங்களுடையது (நியாயம்தான்). இப்போதும் எதற்காவது நான் குதிக்க ஆரம்பித்தால் அப்பாவும் மகளும் எதிர்த்துப் பேசுவதில்லை. இருவரில் ஒருவர் எழுந்துபோய், வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்காருவார்.