மூப்பர்கள் ஒப்புக்கொண்ட அசைவு

சனிக்கிழமை மகள் யானாவுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை மதியமாகியும் திருச்சபைக் கூடத்தில் ஆடுவதற்குக் கிரெய்னுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை இங்கிலாந்துக்காரன். அவன் தாய் எடித், "விருந்தில் ஆட்டம் உண்டா?" என்று ஒரே வரி எழுதிக் கேட்டிருந்தாள். இல்லை என்றால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துச் சம்பந்தத்தையே முறித்துவிடுவாள் என்று கிரெய்ன் முடிவு கட்டிவிட்டார். யாரையும் கேட்டு முடிவு செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

மனுவை வாங்கிய ஹவுபர்ட் மூப்பர், வாயிலிருந்த பெப்பர்மின்ட்டை மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"டான்ஸ்னு எழுதியிருக்க."

"ஆமாங்க மூப்பரே."

"சபைச் சட்டத்துல பேர் சொல்லித் தடுத்த பாவம் அது."

பேர்தானே தடை, மாற்றினால் போயிற்று. கிரெய்ன் அதை அடித்துவிட்டு 'ஹொஸ்ஸன்' என்று எழுதினார். கைகோத்து வரிசையாகக் குதிப்பது.

"இது அக்கரை கத்தோலிக்கருங்க பீரைக் குடிச்சிட்டுக் குதிக்கிறது. உனக்கெப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சுங்க."

"இருபது கிலோமீட்டர் தாண்டியா?"

பக்கத்திலிருந்த யில்லஸ் மூப்பர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். அவருக்குக் குறிப்பெழுதுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

இங்கிலீஷ் என்றால் இந்தக் கிழங்களுக்கு விளங்காது என்று கிரெய்ன் 'ஸ்விங்' என்று எழுதினார். ஹவுபர்ட் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தார்.

"இடுப்பை ஆட்டுறதாம். படமே போட்டிருக்கான். உன் பொண்ணு யானாவும் ஆட்டுமா? அப்படின்னா கல்யாணத்தையே இங்க நடத்தலாமான்னு யோசிக்கணும்பா."

கிரெய்ன் அவசரமாக அதையும் அடித்தார். கடைசியாக 'டெய்னன்' என்று எழுதினார். கட்டிப்போட்ட படகு அலையில் அசைகிற அசைவு.

இரண்டு மூப்பர்களும் மீன்பிடித்துப் பிழைத்தவர்கள். படகைப் பாவம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"செஞ்சு காட்டு."

"தனியா முடியாதுங்க. ரெண்டு பக்கமும் ஆள் வேணும்."

முணுமுணுத்துக்கொண்டே இருவரும் எழுந்து அவர் தோளில் கை போட்டார்கள். தாளம் வேண்டுமே என்று யில்லஸ் வேதாகமச் சங்கீதம் ஒன்றை இழுத்துப் பாடினார். மூவரும் இடமும் வலமுமாக அசைந்தார்கள்.

"காத்து கொஞ்சம் கூடினா எப்படி இருக்கும்?" என்றார் ஹவுபர்ட்.

சங்கீதம் வேகமெடுத்தது. அப்புறம் புயலே அடித்தது. எண்பது வயதுக் கால்கள் தரையை விட்டு எழும்பின. மேஜையில் காப்பிக் கோப்பைகள் கிடுகிடுத்தன. ஹவுபர்ட் பெப்பர்மின்ட்டை விழுங்கிவிட்டு இன்னொரு சுற்று வந்தார்.

மூச்சு வாங்க உட்கார்ந்தவர், மனுவில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"இதுல பாவம் ஒண்ணும் இல்ல. அனுமதிச்சாச்சு."

ஜெயித்துவிட்டோம் என்று கிரெய்ன் தொப்பியை எடுத்தபோது, காப்பி ஊற்றும் நேல்ட்யே வாசலில் வந்து நின்றாள்.

"கிரெய்ன் அண்ணே, கூடத்தைக் காட்டலாம்னு யானா தன் மாமியார் எடித்தம்மாவைக் கூட்டிட்டு வந்துச்சு. ஜன்னல் வழியா உங்க மூணு பேரையும் பாத்த அந்தம்மா அப்படியே கப்பலுக்குத் திரும்பிருச்சு. ஆடுற குடும்பத்துல பொண்ணெடுக்கிறது அவங்க சபையில பாவமாம், அதுக்காகத்தான் முன்கூட்டியே எழுதிக் கேட்டாங்களாம்."