கிளட்ச் அம்பியின் இடது கால்

கரமனையில் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டே வகை: கிளட்ச் அம்பி, மற்ற எல்லாரும். இந்தப் பிரிவினையைச் செய்தவரும் அவரே.

சைக்கிள் நிறுத்தினாலே எதிர்வீட்டார் முறைக்கும் எங்கள் தெருவில், இரண்டு இருக்கை உள்ள பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். கிழக்கேகோட்டை நெரிசலில் அதற்கு மூன்றாம் கியர் வாய்த்த நாளே கிடையாது. இருந்தும், கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடாதவன் காரில் உட்கார்ந்து போகிறவன்தான், ஓட்டுகிறவன் அல்ல என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அவருடைய இடது தோள் இறுகிவிட்டது. கை முன்னால் நீண்டு ஸ்டீரிங்கைப் பிடிக்கும். பக்கத்திலிருக்கும் கியருக்குத் திரும்பாது. காரை விற்பதா என்று வீட்டில் பேச்சு கிளம்பியது.

அந்தச் சமயம் துபாயிலிருந்து விடுப்பில் வந்த மருமான் சேகர், இங்கே வாங்கி நிறுத்தியிருந்த தன் புது ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினான். ஸ்டீரிங்குக்குப் பின்னால் இரண்டு சிறிய தகடுகள். வலதைத் தட்டினால் கியர் ஏறும், இடதைத் தட்டினால் இறங்கும். கிளட்சே இல்லை.

"மாமா, விரல் போறும். பழசைத் தள்ளிட்டு இதுமாதிரி ஒண்ணு வாங்கிக்கோங்கோ."

"விரலால தட்டறதுக்கு இதென்ன மிருதங்கமாடா?"

ஆனாலும் ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் சேகர். பின்னால் குழந்தைகளுக்கென்று விட்டிருந்த இடத்தில் என்னை மடித்து வைத்தார்கள்.

பழவங்காடியில் பிள்ளையார் முன்னால் கூட்டம். கியரை இறக்க அம்பியின் விரல் தட்டியது. பழக்கதோஷத்தில் இடது காலும் கிளட்ச் என்று நினைத்து மிதித்தது. அந்த இடத்தில் இருந்தது பிரேக். கார் ஆணியடித்தாற்போல் நின்றது. என் மூக்கு சேகரின் இருக்கையில் பதிந்தது. மறுபடி கிளம்பினார். மறுபடி மூக்கு.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் மலையாளத்தில் கத்தினார்: "சாரே, ஒண்ணுகில் போ, அல்லெங்கில் நில்லு!"

"எதுன்னு எனக்கே தெரியலையாக்கும்!" என்றார் அம்பி.

பழைய காருக்குக் கை உதவாது. புதிய காருக்குக் கால் அடங்காது. எது மேல் என்று சேகர் கேட்டபோது என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அம்பி மட்டும் மெல்லச் சொன்னார்: "சிவப்பை வித்துடலாம். இனிமே பஸ்தான்."

மறுவாரம் சிவப்புக் கார் எங்கள் வாசலைக் கடந்தது. ஓட்டியவர் அம்பிதான். இடது இருக்கையில் அவர் வீட்டு மாமி, கியர்க் கம்பியை இறுகப் பற்றியபடி.

"செகண்ட்!"

"முதல்ல கிளட்சை மிதிங்கோ, அப்பறம் சொல்லுங்கோ!"

"மிதிச்சாச்சு, போடு!"

"போட்டாச்சு. காலை மெதுவா எடுங்கோ, குதிக்கறது பாருங்கோ!"

காரை ஓட்டுவது யார் என்று தெருவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அந்தச் சண்டை தினமும் ஆற்றுப்பாலம் வரை கேட்கும். கேட்காத நாளில் நான் போய் அவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.