முடி போனதும் முடிந்துபோனதும்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

இவ்வளவு நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். தாங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இல்லாவிட்டால் அதை எனக்குத் தெரிவிக்கத் தாங்கள் மெனக்கெடப்போவதில்லை என்பதும் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளாக, நடுவே ஒரு இரண்டு நிமிடம் போக, பேச்சே இல்லாத ஒருவரை எந்த மரியாதையில் அழைப்பது என்று யோசித்துத் 'தாங்கள்' என்றே தொடங்கியிருக்கிறேன். எத்தனை வரி தாங்கும் என்று பார்ப்போம்.

நான் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று. சென்ற ஆண்டு என் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று மாடிக்கும் கேட்கும்படி, தாங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். இரண்டே நிமிடத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். அந்த மன்னிப்பு செல்லுமா, செல்லாதா? ஒரு வரியில் பதில் போதும். கேள்வியை விளக்கத்தான் எனக்குச் சில பக்கங்கள் தேவைப்படுகின்றன.

எதற்கான மன்னிப்பு என்பது தங்களுக்கு மறந்திருந்தால், தங்கள் ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில் தொங்கும் நம் குடும்பப் படத்தைப் போய்ப் பாருங்கள். அப்பா, அம்மா, அண்ணி, பிள்ளைகள், நட்டநடுவில் சுருட்டை முடியும் சிரிப்புமாகத் தாங்கள். வலது ஓரத்தில் ஒரு காது, அரைக் கன்னம், ஒரு தோள். அது நான். கேட்டதற்குச் 'சட்டம் சின்னது' என்றீர்கள். அன்று பேச்சை நிறுத்தினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பன்னிரண்டு ஆண்டுகளாக என் காதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஸ்டுடியோ திறப்பு விழாவில் நான் ஏணியில் ஏறி, 'புகைபட நிலையம்' என்றிருந்த பெயர்ப்பலகையில் விட்டுப்போன 'ப்'பை மார்க்கரால் போட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது என்று எனக்குத் தெரியும். விருந்தினர்கள் கைதட்டினார்களே, அது என் குற்றமா? மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக என்னால் ஆகாது.

கதைக்கு வருகிறேன். என் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொல்லித் தாளில் எழுதியும் கொடுத்தார். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. சுட்டிக்காட்டினேன். திருத்திக் கொடுத்துவிட்டு, "பிழை சரியாயிடுச்சு சார், நோய் மட்டும் அப்படியேதான் இருக்கு" என்றார். ஆறு சுற்றுக் கீமோ என்று முடிவாயிற்று. வீட்டில் நான் போட்ட உத்தரவு ஒன்றுதான்: அண்ணனுக்குத் தெரியக்கூடாது.

முதல் சுற்று முடிந்து பதினாறாம் நாள் காலை, தலையணையை விட்டு நான் எழுந்தேன், முடி எழவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து நீங்கள் 'துடைப்பக்கட்டை' என்று கேலி செய்த அதே முடிதான், கடைசியில் துடைப்பத்துக்கே வேலை வைத்தது. குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. ரிப்பேர்காரர் வந்து முழங்கைவரை கையை விட்டு, கறுப்பாக ஒரு மூட்டையை இழுத்து வெளியே போட்டு, "வீட்ல நாய் வளர்க்கிறீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லை, அது நான்தான்" என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், மறுபடி தலையைப் பார்த்தார். "கவலைப்படாதீங்க சார், எங்க மாமாவுக்கும் இப்படித்தான் போச்சு, அப்புறம் காடு மாதிரி முளைச்சுது" என்று ஆறுதல் சொன்னார். போகும்போது, மூட்டையைத் தூக்கிப் போடலாமா, இல்லை சாருக்கு வேண்டியிருக்குமா என்று என் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

தலையோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். மீசை போயிற்று, புருவம் போயிற்று. மூக்குக்குள் முடி இருக்கிறது என்பதே அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது இல்லாவிட்டால் மூக்கு ஒழுகுவதை எதுவும் தடுப்பதில்லை. அச்சகத்தில் ஒரு வேதியியல் பாடநூலின் மெய்ப்பைக் குனிந்து பார்த்தபோது சொட்டுச் சொட்டாக விழுந்ததை, தட்டச்சு செய்கிறவர் நான் வைத்த முற்றுப்புள்ளிகள் என்று நினைத்து அத்தனையையும் சேர்த்துவிட்டார். புருவம் இல்லாமல் வெளியே போகக்கூடாது என்று என் மனைவி கண்மைப் பென்சிலால் வரைந்துவிட்டாள். இடது புருவம் அழகாக வந்தது. வலது புருவம் வரையும்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது; அவள் திரும்பிய வேகத்தில் அது அரை அங்குலம் மேலே ஏறிவிட்டது. அன்று முழுவதும் அச்சக முதலாளி எதைச் சொன்னாலும் நான் நம்பாதவன்போலவே இருந்திருக்கிறேன். "நிஜமாத்தான் சார் சொல்றேன்" என்று நான்கு முறை சத்தியம் செய்தார். சாயங்காலத்துக்குள், பத்து வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கை வைத்த நாற்காலிக்குத் தானாகவே சம்மதித்தார். சொந்தப் புருவம் இருந்த காலத்தில் எனக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததே இல்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் என்னோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தவள்தான் என் மனைவி. ஒருநாள் காலை மருந்துக்கடைக்குப் போனவள், பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, என் உத்தரவை மீறி அண்ணிக்குப் போன் செய்து அழுதாள். அவள் சொன்னது, "அக்கா, அவருக்கு முடி போச்சுக்கா." அண்ணியின் காதில் விழுந்தது, "அவருக்கு முடிஞ்சு போச்சுக்கா." நடுவில் ஏதோ ஒரு பேருந்து பிரேக் போட்டிருக்கிறது, அதன் சத்தம் 'ஞ்சு'.

"ஐயோ! எப்போம்மா?" என்று அண்ணி கேட்டிருக்கிறார்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போய்க்கிட்டிருந்துதுக்கா. இன்னிக்குக் காலையிலதான் மொத்தமாப் போச்சு."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"கண்ணாடியைப் பார்த்துட்டு, இதுவும் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாருக்கா."

இதைக் கேட்டு அண்ணி விழுந்து விழுந்து அழுதாராம். இரண்டே எழுத்து! முப்பது வருடமாக இரண்டெழுத்துப் பிழைகளைத் தேடிப் பிடித்துத் திருத்தியவனை இரண்டெழுத்துப் பிழை ஒன்று கொன்றுபோட்டுவிட்டது.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யாது என்பது உங்களுக்கு இப்போது தெரியும். நான் குளிர் தாங்காமல் வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டில் தனியாக இருந்தேன். கீழேயிருந்து அழுகைச் சத்தம் ஒன்று மாடி மாடியாக ஏறி வந்தது. நான்காம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் போய்விட்டார்போல் இருக்கிறது என்று நினைத்தேன். நல்ல மனிதர். துக்கம் விசாரித்துவிட்டு வரலாம் என்று சட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் வாசலுக்கு ஐந்து படி கீழே யாரோ மூச்சுவாங்க உட்காரும் சத்தம் கேட்டது. "சட்டம் சின்னதுன்னு சொன்னது பொய்டி. வேணும்னுதான் வெட்டினேன். எடுத்த படத்துல அவன் முழுசா சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்டி. டேய் தம்பி, என்னை மன்னிச்சுடுடா!" என்றது ஒரு குரல்.

அது உன் குரல். இதற்கு மேல் 'தாங்கள்' தாங்காது.

கதவைத் திறந்தேன். வெள்ளைப் போர்வை, வெறும் தலை, புருவமில்லாத முகம். நீ "அம்மா!" என்று அலறிக் கையில் இருந்த மலர்வளையத்தின் மேலேயே சாய்ந்தாய். அண்ணி உன் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"நீ... நீ சாகலையா?"

"இல்லண்ணா."

"அப்போ எதுக்குடா போன் பண்ணீங்க?"

அந்த இடத்தில் நான் உன்னைக் கட்டிப்பிடித்திருக்கலாம். பிடிக்கத்தான் கையை நீட்டினேன். ஆனால் கண் போன இடம் வேறு. மலர்வளையத்தின் ரிப்பனில் 'கண்ணிர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது.

"அண்ணா, 'கண்ணீர்'ல 'ணீ' நெடில்" என்றேன்.

உன் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். "செத்தும் திருந்தலையாடா நீ?"

"நான்தான் சாகலையே."

"அதான் தப்பு! நான் மன்னிப்புக் கேட்டது செத்தவன்கிட்ட. உயிரோட இருக்கிறவன்கிட்ட இல்ல. அது செல்லாது!" என்று கத்திவிட்டு, நசுங்கிய மலர்வளையத்தையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாய். இறங்கும்போதும் அழுதுகொண்டேதான் போனாய். மூன்று மாடிக்கும் கேட்டது. நான் கதவைச் சாத்தாமல் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு இன்னும் நான்கு சுற்று ஆயிற்று. கடைசிச் சுற்று முடிந்து இரண்டாம் மாதம், என் மனைவி என்னை வெயிலில் உட்காரவைத்து, நான் மெய்ப்புப் பார்க்கும் பூதக்கண்ணாடியை என் தலைமேல் பிடித்து, "என்னங்க, முளைச்சிருக்கு! இங்க மூணு, அங்க ஒண்ணு!" என்று கூவினாள். அந்த ஒன்று பஞ்சுத் துணுக்கு என்று பிறகு தெரிந்தது. மூன்றும் நிஜம். முதலில் கோழிக்குஞ்சுபோல் மெத்தென்று வந்தது. பிறகு அடர்ந்தது. பிறகு வளைந்தது. ஐந்தாம் மாதம் சீப்பு உள்ளே போய் வெளியே வர மறுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அண்ணா, சுருட்டை! உன் முடி! முகச்சாடை நமக்கு முன்பே ஒன்றுதான், முடிதான் இதுவரை நம்மைப் பிரித்துக் காட்டியது. சின்ன வயதில் தினமும் தண்ணீரைத் தொட்டு விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் எனக்கு வராத முடி! டாக்டரைக் கேட்டால், "சிலருக்கு இப்படித்தான் வரும் சார், கொஞ்ச நாள்ல பழையபடி ஆனாலும் ஆகலாம்" என்கிறார். இப்போது தினமும் காலையில் உன் முகத்துக்குத்தான் பல் தேய்த்துவிடுகிறேன். முதல் நாள் கண்ணாடியைப் பார்த்துத் திடுக்கிட்டு, "நீ எப்படி உள்ளே வந்தே?" என்று கேட்டேவிட்டேன்.

இந்தத் தலையோடு நான் செய்த சில காரியங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைத்தெருவில் ஒரு அம்மாள் என்னை மறித்து, "கல்யாண ஆல்பம் எப்பத்தான் தருவீங்க? பொண்ணுக்குக் குழந்தையே பிறந்துடுச்சு" என்றார். "வெள்ளிக்கிழமை" என்று உறுதி கொடுத்தேன். பேருந்தில் ஒருவர், நீ எடுத்த பாஸ்போர்ட் படத்தில் தன் முகம் திருடன் மாதிரி இருப்பதாகக் குறைப்பட்டார். "இருக்கிறதுதானே சார் வரும்" என்றேன். இனி உன்னிடம் வரமாட்டார். இப்படி மொத்தம் ஏழு பேர். பல வருடங்களில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

எட்டாவது ஆள்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார். உன் ஸ்டுடியோவுக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிறாரே, அந்த அம்மா. போன திங்கட்கிழமை சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பிக்கு இப்ப எப்படிப்பா இருக்கு?" என்றார். எந்தத் தம்பி என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"அவனுக்கென்ன," என்றேன் உன் குரலில். "திமிர் பிடிச்சவன். நல்லாத்தான் இருப்பான்."

"ஏன்ப்பா இப்படிப் பேசுறே? ஒவ்வொரு மருந்து நாளும் கடையைப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கிற டீக்கடையில போய் உட்கார்ந்தவன் நீதானே? அவன் நடந்து உள்ள போறான், நடந்து வெளிய வர்றான், அது போதும்மான்னு சொன்னியே. போய்ப் பேசுடான்னா, பேசினா ஏதாவது தப்புக் கண்டுபிடிப்பான்னு அழுதியே."

எனக்கு மூக்கு ஒழுகியது. இப்போது உள்ளே முடி இருந்தும் ஒழுகியது. துடைத்துக்கொண்டு, "தப்புக் கண்டுபிடிக்கிறதைத் தவிர அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. பாவம் அவன்" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் என்னைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் நீயாக இருந்துதான் சொல்ல முடிந்தது.

இருந்தாலும் கேள்வி கேள்விதான். டீக்கடையில் உட்கார்ந்தது உன் விருப்பம். நான் உட்காரச் சொல்லவில்லை. அந்த மன்னிப்பு செல்லும் என்று நீ எழுத்தில் தராதவரை உன் வீட்டுப் படியை நான் மிதிக்கமாட்டேன், என் வீட்டுப் படியை நீயும் மிதிக்க வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ எல்லா நலமும் பெற்று, நூறு வயது தாண்டி, என் கண்ணில் படாத தூரத்தில் சௌக்கியமாக வாழ மனமார வாழ்த்துகிறேன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை இப்போதுதான் படித்துப் பார்த்தேன். பதினொரு பிழைகள் இருக்கின்றன. ஒன்றையும் திருத்தவில்லை, நீ கண்டுபிடித்துச் சந்தோஷப்படு. பதிலும் எழுத வேண்டாம். நீ கேட்டபோது நான் உயிரோடுதான் இருந்தேன், காதில் விழுந்தது, ஆகவே அது செல்லும். ஏணியில் ஏறியதும் ரிப்பனைப் படித்ததும் என் தப்பு. இது உயிரோடு இருக்கிறவன் உயிரோடு இருக்கிறவனிடம் கேட்கும் மன்னிப்பு. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதே ஆஸ்பத்திரியில் எனக்கு மறுபடி படம் எடுக்கிறார்கள், அது திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. வீட்டில் சொல்லவில்லை. டீக்கடையில் உட்காராமல் சாலையைக் கடந்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார். சுவரில் என்ன பலகை மாட்டியிருந்தாலும், அதில் எதை எப்படி எழுதியிருந்தாலும், நான் வாயே திறக்கமாட்டேன்.

கையெழுத்துப் போடலாமா என்று அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போட்டால், தம்பிதான் முதலில் இறங்கி வந்தான் என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாய். போடாவிட்டால், நீயாக வந்ததாகவும் ஆகும், நான் கூப்பிடாததாகவும் ஆகும். அதனால் போடவில்லை. தலை நிறையச் சுருட்டை முடியை வைத்துக்கொண்டு, இதை மொட்டைக் கடிதமாகவே தபாலில் போடப்போகிறேன்.