சுமியின் வயிறும் சம்பந்தி வீட்டு அல்வாவும்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

பேரன்பிற்குரிய சம்பந்தி லிங்கராஜ் அவர்களுக்கு, பெருங்காயக் கடை பிச்சைக்கனி வணக்கத்துடன் எழுதுவது. பாளையங்கோட்டையில் தாங்களும் மதினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், கோமதியம்மாள், மகன் வன்னியராஜ், தங்கள் மகள் இசக்கிசெல்வி எல்லோரும் சுகம். நம் பேத்தி சுமிக்குத்தான் வயிறு மறுபடியும் கெட்டிருக்கிறது. போனில் பேசினால் என் குரல் உயரும், தங்கள் குரலும் உயரும், பிறகு இரண்டு வீட்டுப் பெண்களும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் நிதானமாகக் கடிதத்தில் எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாத கதை அல்ல. ஒரு நாள் வாந்தி, மறுநாள் தண்ணீராகப் பேதி, கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு, போன ஓணத்துக்கு எடுத்த பாவாடை இந்த ஓணத்துக்கும் அளவு மாறாமல் நின்ற குழந்தை அவள். கண்ணேறு என்று கோமதியம்மாள் சொன்னதால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். தேங்காய் சுக்குநூறாக உடைந்தது, பேதி நிற்கவில்லை. பல் முளைப்பதால் இருக்கும் என்றார் பக்கத்துக் கடைக்காரர், நாலு வயதுக் குழந்தைக்கு. கடைசியில் டாக்டர் ஷீஜா ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலையும் பார்த்து, கோதுமை இவளுக்கு ஆகாது, அது குடலைப் புண்ணாக்குவதால்தான் சாப்பிட்ட சத்து உடம்பில் சேரவில்லை என்று கண்டுபிடித்தார். "அப்பூப்பா, கோதம்பு, மைதா, ரவை ஒண்ணும் கொடுக்கக் கூடாது, கேட்டோ? ஒரு பொடிகூட வயித்துல போகக் கூடாது" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தாத்தாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் நான்தான் போலீஸ். சப்பாத்திக் கட்டையைப் பரணில் ஏற்றினேன், சேமியாவும் பிஸ்கட்டும் படி இறங்கின, வன்னியராஜ் பரோட்டா தின்றால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும் என்று சட்டம் போட்டேன். நர்சரிக்கே போய்ப் பிள்ளைகளின் டிபன் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். ஆதர்ஷ் என்கிற பையனிடம் பன் இருந்தது, நான் பிடுங்கினேன், அவன் அழுதான், டீச்சர் "அங்கிள், ப்ளீஸ், கேட்டுக்கு வெளியே நில்லுங்கோ" என்றார். இப்போது கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். இத்தனைக்குப் பிறகும் குழந்தை தேறவில்லை. வயிறு கலங்கும்போதெல்லாம் நானே நம் கடைப் பெருங்காயத்தில் ஒரு துண்டை நெய்யில் பொரித்து, மோரில் கரைத்துக் கொடுக்கிறேன். வேறு யார் கொடுத்தாலும் மூஞ்சியைத் திருப்புகிறவள், "தாத்தா தந்தா குடிக்காம்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிடுவாள். அதில் எனக்கு உள்ள பெருமையைச் சொல்லி முடியாது. அப்படியும் மறுநாள் பேதி. என் மடியில் சுருண்டுகொண்டு "தாத்தா, வயறு வேதனிக்குந்நு" என்று அவள் மலையாளத்தில் முனகும்போது எனக்கு அழுகை வந்துவிடுகிறது, சம்பந்தி.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை தாங்கள் வந்தபோது அல்வா கொண்டு வந்தீர்கள். கோதுமைப் பால் எடுத்துக் கிண்டுவதுதான் அல்வா, தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "பெரியவங்களுக்குத்தான் அண்ணாச்சி, பிள்ளை கண்ணுலகூடக் காட்ட மாட்டேன்" என்றீர்கள். நம்பினேன். ஆனால் சுமியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்த் திரும்பியபோது தங்கள் விரலில் நெய் மினுங்கியது. அது தாங்கள் தின்ற அல்வாவின் நெய்யாகவே இருக்கட்டும். "ஏங்க, அந்த மனுசன் மேல பழியத் தூக்கிப் போடாதீங்க" என்கிறாள் கோமதியம்மாள். நான் பழி போடவில்லை. குழந்தை தேறும்வரை இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றுதான் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பிறந்தநாளுக்கும் வர வேண்டாம். போட்டோ அனுப்புகிறோம். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது.

மதினியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் மூட்டுவலி தணிந்து, தாங்கள் நீண்ட ஆயுளோடு, அவரவர் வீட்டில் அவரவர் நிம்மதியாக இருக்கப் பிள்ளையார் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தில் என்றும் அக்கறையுள்ள,
பிச்சைக்கனி

பி.கு.: நேற்று இதைக் கவரில் போட்டு ஒட்டப் போகும்போது, லோடு ஆட்டோ ஜெயன் மூட்டைகளோடு வந்து, "அண்ணாச்சி, மைதா எவிட எறக்கணும்?" என்றான். "காயம் கலக்குற ரூம்ல போடுடே" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சம்பந்தி, காயப் பிசினில் மைதாவைச் சேர்த்துப் பிசைந்துதான் நாங்கள் கட்டி போடுகிறோம். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த மாவை நான்தான் வாங்குகிறேன். எங்கள் கடையில் மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டால் அது மாவு இல்லை, காயம். அப்படியே என் மண்டையில் ஏறிவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பூப்பா, சாம்பார்லயும் அந்தக் காயம்தானா?" என்றார். "ரசத்துலயும்" என்றேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதத்தான் நினைத்தேன். "இருக்கட்டும் மாமா, அப்படியே அனுப்புங்க, எங்கப்பா படிக்கட்டும்" என்கிறாள் தங்கள் மகள். என்னை மன்னித்து ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். தாத்தா எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்று சுமியிடம் சொல்லிவிட்டார்கள். இன்று காலை டம்ளரை நீட்டினேன், வெறும் மோர்தான், அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பிறந்தநாளைக்கு அரிசிப் பாயசம் வைக்கிறோம். நீங்கள்தான் ஊட்ட வேண்டும். என் கையால் வாங்க மாட்டாள்.